நாற்பத்தொன்றாம் வரிசை

கவுனாஸில் ஜனவரி.
நெமுனாஸ் ஆற்றின் மேல் பனிக்கட்டி உட்கார்ந்துவிட்டது.
இருட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், கட்டிலில், ரப்பர் தோலோடு
என் குரலை வாங்கிப் பேசும் ஒருவர்.
வயது ஐம்பத்தெட்டு என்கிறது தாள்.
நெஞ்சுவலி, நாற்பது நிமிடமாக.
நான் மைக்கில் முனகுகிறேன்.
அவர் வாய் அசையாது. மார்பு மட்டும்
காற்றுக்குழாய்க்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கும்.

அடுத்த அறையில் கஸிமியெரா.
முப்பது வருடம் டிராலிபஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர்.
இப்போது மணிக்கூலிக்கு நெஞ்சு வலிக்கிறது,
ஒரு நாளைக்கு எட்டு முறை.
எட்டாவதுதான் நன்றாக வரும் என்பார்,
அதற்குள் முழங்கால் நிஜமாகவே வலிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் அறையில் நோயாளியே இல்லை.
கண்ணில் பெட்டி மாட்டிய பிள்ளைகள்
வெறுங்காற்றில் நாடி பிடிக்கிறார்கள்.

எது மேல்?
இதைக் கேட்கத்தான் டாக்டர் ஸ்கிர்மான்தே நிதி வாங்கியிருக்கிறார்.
தொண்ணூறு மாணவர்கள், மூன்று குவியல்,
சீட்டுக் குலுக்கிப் பிரித்தது.
இருபத்தாறு கட்டங்கள் போட்ட ஒரு தாள்.
கை கழுவினானா. பெயர் கேட்டானா.
ஆஸ்பிரின் எத்தனையாவது நிமிடம்.
செய்தால் ஒன்று, செய்யாவிட்டால் பூஜ்யம்,
தயங்கினால் அதற்கும் பூஜ்யம்.

என் அறையில் ஊசிகள் சளைக்காமல் இறங்குகின்றன.
ரப்பருக்கு யாரும் அஞ்சுவதில்லை.
கஸிமியெராவிடம் ‘மன்னிக்கவும்’ அதிகம், ஊசி அறவே இல்லை;
குத்துவதற்கு ஒப்பந்தத்தில் இடம் கிடையாது.
ஒரு நாள் இடைவேளையில் என் கோப்பையிலிருந்து
ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னார்:
‘அந்தச் சிவப்புத் தலைப் பெண் நெஞ்சை விட்டுவிட்டு
என் முழங்காலைப் பார்த்தாள்.
அவளுக்குப் பூஜ்யம் போடாதே.’
போட்டாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொன்றாம் ஆள், அஷுவோலாஸ்.
அவர்கள் மொழியில் ஓக் மரம் என்று பொருள்.
ஆள் நாணல்.
ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தான்.
எடுத்தவன் வைக்கவில்லை.
அதன் வட்டத்தை உள்ளங்கையில் பொத்தி
வாயருகே கொண்டுபோய் ஊதினான்.
கடிகாரம் என் எதிரில் இருந்தது: பதினொரு விநாடி.
பிறகு ரப்பர் மார்பில் வைத்து,
‘சில்லென்று இருந்தால் சொல்லுங்கள்’ என்றான்.

தாளைப் புரட்டினேன்.
வியர்வைக்கு வசனம் உண்டு, புகைக்கு உண்டு,
அப்பாவின் மாரடைப்புக்கு ஒரு பத்தியே உண்டு.
குளிருக்கு இல்லை.

‘இல்லை தம்பி, இதமாக இருக்கிறது’
என்றேன். என்றார் அவர்.
பிறகு, ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது,
நாடித்துடிப்பின் திருகைத் தொட்டு
நூற்றுப் பதினெட்டை
நூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன்.
அவன் திரையைப் பார்த்தான்.
காதுவரை ஏறியிருந்த தோள் இறங்கியது.

மாலையில் ஸ்கிர்மான்தே பதிவை ஓடவிட்டார்.
‘ஆறு துடிப்பு. யார் குறைத்தது?’
சொன்னேன்.
திட்டியிருந்தால் தேவலை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அந்தப் பதினொரு விநாடியை மட்டும்
இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.
பிறகு நாற்பத்தொன்றாம் வரிசையை அழித்தார்.
தொண்ணூறு எண்பத்தொன்பது ஆனது.

ஜூனில் முடிவு வந்தது.
மூன்று குவியலுக்கும் இடையே
பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை,
செலவைத் தவிர.
கஸிமியெராதான் மலிவு என்று தெரிந்தது.
அவர் காதுக்கும் எட்டி
மறுநாளே கூலி உயர்த்தக் கேட்டார்.

நான் ஒவ்வொரு மாலையும்
சாராயம் நனைத்த பஞ்சால் அவர் மார்பைத் துடைத்து
போர்வை இழுத்துவிட்டு வருகிறேன்.
பஞ்சு சில்லென்று இருக்கிறது.
அவர் ஒன்றும் சொல்வதில்லை.
மைக் அணைந்திருக்கிறது.